நனைந்த கையில் வடை மாவு ஒட்டாது: தண்ணீர் வடிகட்டும் சவ்வில் படியும் அழுக்கைப் பற்றி

போன மாதம் எங்கள் வீட்டு ஆர்ஓ மெஷினுக்கு மெம்பரேன், அதாவது தண்ணீரை வடிகட்டும் சவ்வு, மாற்ற வேண்டி வந்தது. ஒரு குடம் நிரம்ப முன்பு ஆன நேரம் போல இரண்டு மடங்கு ஆகத் தொடங்கியிருந்தது. சர்வீஸுக்கு வந்த தம்பி பழையதைக் கழற்றிக் குப்பையில் போடப் போனார். "இருங்க தம்பி, அது எனக்கு வேணும்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். மாலையில் மொட்டைமாடியில் பழைய பேப்பரை விரித்து, மேலே சுற்றியிருந்த டேப்பைக் கத்தியால் கீறிப் பிரித்துப் பார்த்தேன்.

நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய். அதைச் சுற்றி, பாயைச் சுருட்டி வைத்தது போல வெள்ளைத் தாள்கள். தாள்களுக்கு நடுவே கொசுவலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் வலை. தண்ணீர் உள்ளே நுழையும் முனையில் தாள் வெள்ளையாக இல்லை. பழுப்பாக ஏதோ பூசியிருந்தது. விரலை வைத்தால் குளத்துப் படிக்கட்டுப் பாசி போல வழுக்கியது. வலையின் இழைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களில் இன்னும் கனமாக அப்பியிருந்தது. கழிவுத் தண்ணீர் வெளியேறும் மறுமுனையில் வழுக்கல் இல்லை. வெள்ளையாக, தொட்டால் நறநறவென்று இருந்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து இரண்டு சொட்டு விட்டேன். பொறுபொறுவென்று நுரைத்தது. சுண்ணாம்பு உப்புதான்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை 'ஃபவுலிங்' என்பார்கள். நாம் படிவு என்று வைத்துக்கொள்வோம். குடத்தில் தண்ணீர் வரத்துக் குறைந்ததற்கு அந்தப் பாசியும் சுண்ணாம்பும்தான் காரணம். சவ்வு கிழியவில்லை, தேயவில்லை. அதன் முகத்தில் அழுக்கு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஒட்டாமல் இருக்கும்படி அந்த முகத்தையே மாற்ற முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் சவ்வு என்றால் என்ன என்று கொஞ்சம். துணியில் வடிகட்டுவது நமக்குத் தெரியும். துணியின் ஓட்டையைச் சின்னதாக்கிக்கொண்டே போனால் கிடைப்பதுதான் சவ்வு. மைக்ரோ வடிகட்டலில் ஓட்டை ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும், பாக்டீரியாவைத் தடுக்கும். அல்ட்ரா வடிகட்டலில் அதைவிடப் பத்து மடங்கு, இருபது மடங்கு சிறியது, வைரஸைக்கூடப் பிடிக்கும். ஆர்ஓவில் ஓட்டை என்று தனியாகச் சொல்லும்படி ஒன்றும் கிடையாது. பாலிமர் (பிளாஸ்டிக் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு) இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் தண்ணீர் மூலக்கூறு நெளிந்து போய்விடும், உப்பு போகாது.

உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் அளவுக்கு வேகமாக ஓடும் சவ்வை முதலில் செய்து காட்டியவர்கள் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்ற இருவர். இடம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம், காலம் 1960ஐ ஒட்டி. அவர்கள் பயன்படுத்தியது செல்லுலோஸ் அசிடேட். இன்றைக்கு நம் வீட்டு மெஷினிலும் கடல்நீர் ஆலையிலும் இருப்பது அதற்கு அடுத்த தலைமுறை. 1970களின் கடைசியில் ஜான் கடாட் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த முறை. கீழே தாங்குவதற்குப் பாலியெஸ்டர் துணி, அதன்மேல் நுண்துளையுள்ள பாலிசல்ஃபோன், எல்லாவற்றுக்கும் மேலே பாலிஅமைடு. உப்பைத் தடுக்கும் வேலை முழுக்க அந்த மேல் தோலுடையது. அதன் தடிமன் 100, 200 நானோமீட்டர்தான் இருக்கும். தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய ஒன்றின்மேல் கால் மில்லிமீட்டர் பாசி படிந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டியதே இல்லை.

வீட்டில் மெம்பரேனை மாற்றினால் முடிந்தது. சென்னைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கித் தரும் மீஞ்சூர் ஆலை 2010லும் நெம்மேலி ஆலை 2013லும் ஓடத் தொடங்கின. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவில் கட்டப்பட்டவை. இப்படிப்பட்ட ஆலைகளில் மெம்பரேன் ஆயிரக்கணக்கில் இருக்கும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் 2 பார் சொச்சம். கடல்நீரைச் சவ்வுக்குள் தள்ள 55 முதல் 70 பார் வேண்டும். படிவு ஏற ஏற, அதே தண்ணீருக்கு இன்னும் அழுத்தம், அதாவது இன்னும் கரண்ட். வரத்து 10, 15 சதவீதம் குறைந்ததுமே ஆலையை நிறுத்திக் காரத்தாலும் அமிலத்தாலும் கழுவுவது வழக்கம். சில சமயம் கழுவிக்கூடத் தப்ப முடியாது. 2008 கடைசியில் ஓமன், ஐக்கிய அரபு அமீரகம் பக்கக் கடலில் நுண்பாசி பெருகித் தண்ணீர் செம்பழுப்பாகிப் பல மாதம் அப்படியே கிடந்தது. அங்கே கடல்நீரை நம்பியிருந்த ஆலைகள் சிலவற்றை மூடி வைக்க வேண்டியதாயிற்று.

படிவதில் நான்கு வகை சொல்வார்கள். மண், களிமண் போன்ற நுண்துகள். புரதம், சர்க்கரைச் சங்கிலி, மக்கிய இலைகளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் போன்ற கரிமப் பொருட்கள். நான் எலுமிச்சை விட்டுப் பார்த்த உப்புப் படிவு. கடைசியாக உயிருள்ளது, அதாவது பாக்டீரியா கட்டும் பாசிப்படலம். உப்புப் படிவைப் பெரும்பாலும் மருந்து கலந்தும், கழிவுத் தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாக வெளியேற்றியும் சமாளித்துவிடலாம். தொல்லை கடைசி வகையில்தான். ஒரு பாக்டீரியா பிழைத்து உட்கார்ந்தால் போதும், அது பெருகித் தன்னைச் சுற்றிக் கோழை மாதிரி ஒரு பசையைச் சுரந்து வீடு கட்டிவிடும். குளோரின் போட்டுக் கொல்லலாமே என்றால், குளோரின் பாலிஅமைடையும் தின்றுவிடும். அதனால்தான் வீட்டு மெஷினில் மெம்பரேனுக்கு முன்னால் கார்பன் ஃபில்டர் இருக்கிறது. பெரிய ஆலைகளில் குளோரினை முறிக்க சோடியம் பைசல்ஃபைட் கலக்கிறார்கள். ஆகக் கடைசி நீட்டத்தில், சவ்வின் வாசலில், பாக்டீரியாவைத் தட்டிக் கேட்க ஆள் கிடையாது.

இப்போது கேள்வி: அழுக்கு ஏன் ஒட்டுகிறது?

வடை தட்டியவர்களுக்குப் பதில் பாதி தெரியும். காய்ந்த கையில் உளுந்த மாவை எடுத்தால் விரலெல்லாம் அப்பிக்கொள்ளும். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு எடுத்தால் மாவு உருண்டு, தட்டை ஆகி, எண்ணெயில் நழுவி விழும். இட்லித் தட்டில் ஈரத் துணி விரிப்பதும் இதே காரணத்துக்குத்தான். கைக்கும் மாவுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கிறது. மாவு கையைத் தொட வேண்டுமானால் முதலில் அந்தத் தண்ணீரை விலக்க வேண்டும். விலக்க முடியாதவரை ஒட்டாது.

சவ்விலும் அப்படியேதான். தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும் பரப்பாக இருந்தால், அதன்மேல் எப்போதும் ஒரு நீர்ப்படலம் நிற்கும். புரதமோ பாக்டீரியாவோ வந்து மோதும்போது அந்தப் படலத்தைத்தான் தொடும். தண்ணீரை விரும்பாத பிளாஸ்டிக்காக இருந்தால் கதை தலைகீழ். அதை ஒட்டி நிற்கும் தண்ணீர் மூலக்கூறுகளுக்கு அங்கே இருக்கப் பிடிக்காது, எப்போது விலகலாம் என்று காத்திருக்கும். ஒரு புரதம் வந்ததும் இடத்தைக் காலி செய்துவிடும். புரதமும் லேசுப்பட்டதல்ல. தன் மடிப்புக்குள் ஒளித்து வைத்திருக்கும் எண்ணெய்ப் பசை உள்ள பக்கத்தைப் பிரித்து, பிளாஸ்டிக்கின்மேல் பரத்திப் படுத்துக்கொள்ளும். அப்புறம் அதைக் கிளப்புவது கஷ்டம்.

"தாமரை இலையில் தண்ணீரும் ஒட்டாது, அழுக்கும் ஒட்டாது. சவ்வை அது மாதிரி செய்தால் என்ன?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. நல்ல கேள்விதான். ஆனால் தாமரை இலையின் வித்தை அதன் மேலே இருக்கும் நுண்ணிய மேடுபள்ளங்களில் சிக்கியிருக்கும் காற்று. நீர்த்துளி அந்தக் காற்றுமெத்தைமேல் உருளும்போது தூசியை வாரிக்கொண்டு போகிறது. நம் சவ்வோ முழுக்க முழுக்கத் தண்ணீருக்குள் அமுங்கி, அழுத்தத்தில் கிடக்கிறது. காற்று நிற்காது. தவிர, தண்ணீரை உள்ளே விட வேண்டியவனே தண்ணீரைத் துரத்தினால் எப்படி? இங்கே வேண்டியது தாமரை இலைக்கு நேர் எதிரான குணம்.

அப்படியானால் தண்ணீரை விரும்பும் பாலிமரிலேயே சவ்வு செய்துவிடலாமே? இங்கேதான் சிக்கல். தண்ணீரை ரொம்ப விரும்பும் பாலிமர் தண்ணீரில் ஊறிக் கொழகொழத்துவிடும், இல்லையென்றால் கரைந்தே போய்விடும். அழுத்தம் தாங்கி, அமிலம் காரம் தாங்கி வருடக்கணக்கில் உழைக்கும் பாலிமர்களான பாலிசல்ஃபோன், பாலிஈதர்சல்ஃபோன், பிவிடிஎஃப் எல்லாம் தண்ணீர்மேல் அவ்வளவாக ஆசை இல்லாதவை. பிவிடிஎஃப் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கண்ணாடியில் போலப் பரவாது, முத்தாக எழும்பி நிற்கும். ஆகவே உடம்பு ஒன்றாகவும் தோல் வேறொன்றாகவும் இருக்க வேண்டும். உழைக்க உறுதியான உள்ளுடம்பு, தண்ணீரைப் பிடித்துக்கொள்ள வெளித்தோல். பரப்பு மாற்றம் என்பது இவ்வளவுதான்.

எப்படிச் செய்வது? சுலபமான வழி, சவ்வு உருவாகும்போதே கலந்துவிடுவது. பாலிமரைக் கரைப்பானில் கரைத்து, பாகு போன்ற அந்தக் கரைசலைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்துத் தண்ணீரில் முக்கினால், தெளிவாக இருந்தது சில நொடிகளில் வெள்ளையாகிச் சவ்வாக உறைந்துவிடும். அந்தப் பாகிலேயே பிவிபி போன்ற நீர்விரும்பிப் பாலிமரைக் கொஞ்சம் சேர்த்துவிட்டால் அதில் ஒரு பகுதி சவ்வில் தங்கி அதை நனையக்கூடியதாக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் கருவிக்குள் இருக்கும் நூல் போன்ற குழல்களில் பலவும் இப்படிச் செய்யப்பட்டவைதான். இரத்தம் முழுக்கப் புரதம் அல்லவா.

இன்னொரு வழி ஒட்டு மாஞ்செடி கட்டுவது மாதிரி. செய்து முடித்த சவ்வின்மேல் புற ஊதா ஒளியையோ பிளாஸ்மா எனப்படும் மின்னேறிய வாயுவையோ காட்டினால், பாலிமர் சங்கிலியில் ஆங்காங்கே பிணைப்பு அறுந்து, கை நீட்டிக்கொண்டு நிற்கும் இடங்கள் உண்டாகும். அந்த இடங்களிலிருந்து புதிய நீர்விரும்பிச் சங்கிலிகளை வளர்க்கலாம். பல் துலக்கும் பிரஷ்ஷின் மயிர் போல அவை நெருக்கமாக நிற்கும். உறுதியான பிணைப்பு, லேசில் கழுவிப் போகாது. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் சவ்வு ஓடும் தொழிற்சாலையில் இதைச் சீராகச் செய்வது செலவும் தொல்லையும்.

மூன்றாவது வழி பூச்சு. எனக்குப் பிடித்தது இதில் ஒரு வகை. அதன் கதை கடற்கரையில் தொடங்குகிறது.

கடற்பாறையிலும் கப்பலின் அடியிலும் மட்டி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலை எவ்வளவு அடித்தாலும் விடாது. ஈரப் பாறையில், உப்புத் தண்ணீருக்குள், எந்தப் பசையும் தோற்கும் இடத்தில் அது எப்படி ஒட்டுகிறது? அது சுரக்கும் பசைப் புரதத்தில் கேட்டகால், அமீன் என்ற இரண்டு வேதிக் குழுக்கள் நிறைய இருக்கின்றன. அந்த இரண்டையும் ஒரே சின்ன மூலக்கூறில் வைத்திருப்பது டோபமைன். ஆமாம், மூளையில் சுரப்பதாகக் கேள்விப்படுகிறோமே, அதே டோபமைன். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் மெஸ்ஸர்ஸ்மித்தின் குழு 2007ல் ஒன்றைக் காட்டியது. லேசான காரத்தன்மை உள்ள தண்ணீரில் டோபமைனைக் கரைத்து, எந்தப் பொருளை வேண்டுமானாலும் முக்கி வைத்தால், அதன்மேல் பாலிடோபமைன் என்ற மெல்லிய பூச்சு தானாக ஏறிவிடும். உலோகம், கண்ணாடி, எதுவும் ஒட்டாத டெஃப்லான் உட்பட.

இதை ஆய்வகத்தில் செய்து பார்க்கும்போது ஆச்சரியமாக இருக்கும். கண்ணாடிக் குவளையில் நிறமில்லாத கரைசல். கொஞ்ச நேரத்தில் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த சாயல். பிறகு பழுப்பு. சாயங்காலம் திரும்பி வந்தால் டிகாக்ஷன் மாதிரி கறுத்திருக்கும், உள்ளே கிடக்கும் வெள்ளைச் சவ்வும் காப்பிப்பொடி நிறமாகியிருக்கும். குவளையைத் தேய்த்துக் கழுவுவது வேறு வேலை, ஏனென்றால் அதன்மேலும் பூச்சு ஏறியிருக்கும்.

நறுக்கிய வாழைக்காய் கறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வாழையில் டோபமைன் இருக்கிறது. நறுக்கியதும் காற்றுப் பட்டு, வாழையிலேயே உள்ள ஒரு நொதி அதைக் கறுக்க வைக்கிறது. வாழைக்காயை, வாழைப்பூவை மோர்த் தண்ணீரில் போட்டு வைக்கும் பழக்கமும் இந்த வேதியியல்தான். மோரின் புளிப்பு அந்த வேலையைத் தடுக்கிறது. சவ்வுக்குப் பூச்சு ஏற்ற நமக்கு அதற்கு எதிரான சூழல் வேண்டும், அதனால் காரத்தன்மை.

பாலிடோபமைன் பூசிய பரப்பு தண்ணீரை நன்றாகப் பிடிக்கிறது. அதைவிட முக்கியம், அதன்மேல் வேறு மூலக்கூறுகளை எளிதாகக் கட்டலாம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பென்னி ஃப்ரீமனின் குழு இதை நீர்ச் சவ்வுகளில் பூசி, அதன்மேல் பிஇஜி என்ற நீர்விரும்பிச் சங்கிலியையும் கட்டிப் பார்த்தது. கப்பலில் அழுக்கேறக் காரணமான மட்டியின் பசையே சவ்வில் அழுக்கேறாமல் இருக்க அடிப்பூச்சாகிவிட்டது. எதிரி வீட்டுச் சாவி.

மேலே எதைக் கட்டுவது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழு 2001ல் பலவிதப் பரப்புகளில் புரதம் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்துச் சில பொதுக் குணங்களைச் சொன்னது. ஒட்டாத பரப்புகள் தண்ணீரை விரும்புகின்றன, மொத்தத்தில் மின்னேற்றம் இல்லாமல் இருக்கின்றன. இரண்டாவது குணத்தைக் கவனியுங்கள். தண்ணீரில் இருக்கும் அழுக்கு பெரும்பாலும் எதிர் (நெகட்டிவ்) மின்னேற்றம் உள்ளது. சவ்வுக்கும் எதிர் மின்னேற்றம் கொடுத்தால் ஒன்றையொன்று தள்ளிவிடுமே என்று தோன்றும். ஓரளவு தள்ளவும் செய்யும். ஆனால் நம் ஊர் போர் தண்ணீரில் கால்சியத்துக்குப் பஞ்சமா? இரட்டை நேர் மின்னேற்றம் கொண்ட கால்சியம் ஒரு கையால் சவ்வையும் இன்னொரு கையால் அழுக்கையும் பிடித்து இரண்டுக்கும் நடுவே பாலம் போட்டுவிடும்.

இதற்கு விடை நம் உடம்பிலேயே இருக்கிறது. இரத்த சிவப்பணுவின் வெளிப்பக்கத்தில் பாஸ்போரில்கோலின் என்ற தலைகள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு தலையிலும் ஒரு நேர் மின்னேற்றம், ஒரு எதிர் மின்னேற்றம். மொத்தத்தில் பூஜ்யம். ஆனால் அந்த இரண்டு மின்னேற்றங்களும் தண்ணீரை இறுக்கிப் பிடிக்கின்றன. பிஇஜி தண்ணீரைப் பிடிப்பதைவிட இந்தப் பிடி பலமானது. இந்த வகைக்கு ஸ்விட்டர்அயான் என்று பெயர். ஜப்பானின் கசுஹிகோ இஷிஹாரா அந்தத் தலையைப் பாலிமராக்கினார். மென்மையான கான்டாக்ட் லென்ஸ்களில்கூட அது இன்று இருக்கிறது. நீர்ச் சவ்வுகளில் இதன் உறவினர்களான சல்ஃபோபீட்டைன் வகைகளைக் கட்டி நிறைய ஆய்வு நடக்கிறது.

பாக்டீரியாவை ஒட்டவிடாமல் தடுப்பதைவிட வந்ததும் கொன்றுவிடலாம் என்று வெள்ளி நுண்துகள் பதிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வெள்ளி கரைந்து கரைந்து ஒருநாள் தீர்ந்துவிடும். செத்த பாக்டீரியாவின் உடம்பு அங்கேயே கிடந்தால் அடுத்து வருபவனுக்கு அதுவே பாய்.

சரி, இவ்வளவு வழி இருந்தும் என் வீட்டு மெம்பரேன் ஏன் பாசி பிடித்தது?

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் சோதனையைப் பாருங்கள். சுத்தமான தண்ணீரில் மாட்டு இரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமின் என்ற ஒரே ஒரு புரதத்தைக் கலந்து, சில மணி நேரம் ஓட்டி, கழுவிவிட்டு, "பழைய வரத்தில் 95 சதவீதம் திரும்பிவிட்டது" என்பது போல எழுதுவார்கள். நிஜத் தண்ணீரில் ஆல்புமின் மட்டுமா வருகிறது? கோயம்பேட்டில் 2019 முதல் சென்னையின் கழிவுநீரை ஆர்ஓ வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே வரும் தண்ணீரில் சோப்பு, எண்ணெய், புரதம், பாக்டீரியா எல்லாம் ஒன்றாக வரும், மணிக்கணக்கில் அல்ல, வருடக்கணக்கில். எவ்வளவு நல்ல பரப்பாக இருந்தாலும், தண்ணீரை உள்ளே இழுக்கும் வேகம் அழுக்கையும் கூடவே இழுத்து வந்து அழுத்தும். முதல் படலம் எப்படியோ உட்கார்ந்துவிட்டால் கீழே இருக்கும் அருமையான தோல் மறைந்துவிடும். அடுத்து வரும் அழுக்கு பார்ப்பது அழுக்கைத்தான். ஆலையில் இருப்பவர்கள் சவ்வுக்கு முன்னால் செய்யும் வடிகட்டலுக்கும், சவ்வில் ஒரேயடியாகத் தண்ணீர் உறிஞ்சாமல் நிதானமாக ஓட்டுவதற்கும் கொடுக்கும் மரியாதையைப் பூச்சுக்குக் கொடுக்காததற்கு இதுதான் காரணம். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பூச்சுக்கும் விலை இருக்கிறது. ஆர்ஓ தோலின்மேல் இன்னொரு அடுக்கு என்றால் தண்ணீர் கடக்க இன்னொரு தடை. கொஞ்சம் கனமாகப் பூசினால், அழுக்கு படிந்து குறையும் வரத்தைப் பூச்சே முதல் நாளிலேயே குறைத்துவிடும். அதனால் யாராவது அழுக்குப் பிடிக்காத சவ்வு என்று சொன்னால் நான் முதலில் கேட்பது, பூசாததையும் பூசியதையும் ஒரே வரத்தில் ஓட்டி ஒப்பிட்டார்களா என்று. பூசியது மெதுவாக ஓடினால் இயல்பாகவே அழுக்கும் மெதுவாகத்தான் படியும். அந்தப் பெருமை பூச்சுடையது அல்ல.

அதற்காக இது வீண் வேலை என்று சொல்ல வரவில்லை. நனைந்த கையிலும் மாவு கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். ஆனால் தண்ணீரில் கையை அலசினால் போய்விடும். காய்ந்த கையில் அப்பியதைச் சுரண்ட வேண்டும். சவ்விலும் பரப்பு மாற்றத்தின் நிஜமான லாபம் அதுதான் என்பது என் கணிப்பு. படிவு வருவதை அது தள்ளிப்போடுகிறது, வந்ததைப் பிடிப்பில்லாமல் வைக்கிறது. காரம் போட்டுக் கழுவ வேண்டியதை வெறும் தண்ணீரிலும், மாதம் ஒருமுறை கழுவ வேண்டியதை இன்னும் தள்ளியும் கழுவலாம் என்றால் ஆலைக்கு அது பெரிய காசு.

அந்தக் கழுவலிலும் ஒரு கண் வைக்க வேண்டும். அல்ட்ரா வடிகட்டல் சவ்வுகளைப் பிளீச்சிங் கரைசலால்தான் வழக்கமாகக் கழுவுவார்கள். அது பாசியை மட்டும் தின்பதில்லை. சவ்வுக்குள் கலந்து வைத்த பிவிபியையும் மெல்ல மெல்ல அரித்து வெளியேற்றுகிறது. தண்ணீரைப் பிடிக்கத்தான் அதைப் போட்டோம். அது போகப் போகச் சவ்வு பழையபடி காய்ந்த கையாகிறது, படிவு சீக்கிரம் வருகிறது, இன்னும் அடிக்கடி பிளீச்சிங் போட வேண்டியிருக்கிறது. இந்தச் சுற்றைத் தாங்கும் தோல் எது என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.